தசமப் புள்ளி எண்களைச் சோதனையில் ஒப்பிடும் முறை

பைத்தான் நிரல்மொழியில் 0.1, 0.2 ஆகிய இரண்டையும் கூட்டினால் 0.3 கிடைப்பதில்லை, 0.30000000000000004 என்றே விடை வரும். இவ்வெண்கள் 53 பிட் துல்லியத்தில் சேமிக்கப்படுவதாலும், 0.1 போன்ற பின்னங்கள் இரும முறையில் முடிவின்றி நீள்வதாலும், சேமிக்கும்போதே சிறு பிழை புகுந்துவிடுகிறது. ஆகவே இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டால், கணக்கு சரியாக இருந்தும், நிரலைச் சரிபார்க்க எழுதும் சோதனை தோற்கக்கூடும்.

இதற்கு, இரு எண்கள் போதிய அளவு நெருக்கமாக உள்ளனவா என்று பார்க்கும், பைத்தானின் மேத் (math) தொகுதியிலுள்ள இஸ்குளோஸ் (isclose) செயல்கூறு உதவும் என்பது பலருக்கும் தெரியும். அதிலுள்ள சிக்கலைத்தான் பலர் கவனிப்பதில்லை. இரு எண்களில் பெரியதன் நூறு கோடியில் ஒரு பங்கு வரையிலான வேறுபாட்டை அது இயல்பாகப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் அதன் தனி வரம்பு (abs_tol), அதாவது எண்களின் அளவைச் சாராமல் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு, 0 என்றே அமைந்திருப்பதால், எதிர்பார்க்கும் விடை 0 ஆக இருக்கும்போது, கிடைத்த விடை எவ்வளவு நுண்ணியதாயினும் சமம் என்று ஏற்காது. அவ்விடங்களில், கணக்கில் புழங்கும் எண்களின் அளவைப் பார்த்துத் தனி வரம்பை நாமே தர வேண்டும். பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டில் (pytest) இதே வேலையைச் செய்யும் அப்ராக்ஸ் (approx), லட்சம் கோடியில் ஒன்று என்ற தனி வரம்பைத் தானாகவே வைத்திருப்பதால், சோதனைகளுக்கு அதையே நான் விரும்புகிறேன்.

சோதனை தோற்கும்போதெல்லாம் வரம்பைத் தளர்த்திக்கொண்டே போவது உண்மையான பிழையையும் மறைத்துவிடும். பணக் கணக்குக்கோ இந்த ஏற்பாடே வேண்டாம். தொகையைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைத்தால் நேரடியாகவே ஒப்பிடலாம்.