எல்லா நோடுக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள்

குலசேகரம் ரப்பர் தோட்டத்தில் மண்ணின் ஈரம் பார்க்கும் நோட் (சென்சாரும் ரேடியோவும் பேட்டரியும் சேர்ந்த சிறு கருவி), பேச்சிப்பாறைக் கால்வாயில் நீர்மட்டம் பார்க்கும் நோட், ஆரல்வாய்மொழி காற்றாலையில் அதிர்வு பார்க்கும் நோட். மூன்றையும் ஒரே வயர்லெஸ் வலையமைப்பில் சேர்க்கலாம், தப்பில்லை. மூன்றுக்கும் ஒரே விதி போடுவதுதான் தப்பு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சென்சார் வைக்கப் புறப்படுகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மண் ஈரத்தைக் கால் மணிக்கு ஒருமுறை அளந்தால் நாளுக்கு 96 அளவுகள். ஒவ்வொன்றும் 10 பைட் என்று வைத்தாலும் 1 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதிர்வை மூன்று அச்சிலும் நொடிக்கு 1000 முறை, 2 பைட் வீதம் எடுத்தால் நொடிக்கு 6000 பைட். ஒரே நாளில் 500 மெகாபைட்டைத் தாண்டிவிடும். லோராவான் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் தரவு அனுப்பும் வயர்லெஸ் முறை) மிக மெதுவான வேகத்தில் ஓடும்போது ஒரு பாக்கெட்டில், அதாவது ஒருமுறை அனுப்பும் தரவுப் பொட்டலத்தில், 51 பைட்தான் போகும். ஆகவே அதிர்வை அப்படியே அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று நோடிலேயே கணக்கிட்டு, அந்தச் சில எண்களை மட்டும் அனுப்பினால் போதும். ரேடியோவுக்கு ஆகும் பேட்டரி செலவோடு பார்த்தால் கணக்குப் போட ஆகும் செலவு சொற்பம். முழுப் பதிவு கொஞ்ச நாள் மெமரி கார்டில் கிடக்கட்டும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சுருக்கவும் கூடாது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. மழையளவின் ஒரு மணி நேர மொத்தத்தை மட்டும் அனுப்பினால், பத்தே நிமிடத்தில் கொட்டித் தீர்த்த மழையும் நிதானமாகப் பெய்த மழையும் ஒன்றுபோலத் தெரியும். ஓடையில் தண்ணீர் திடீரென ஏறுவதோ அந்தப் பத்து நிமிட மழையால். மொத்தத்தோடு உச்சத்தையும் அனுப்புங்கள். ‘அளவு மாறினால் மட்டும் அனுப்பு’ என்று எழுதுகிறவர்கள், ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சில மணிக்கு ஒரு பாக்கெட்டும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் மாற்றம் இல்லையா, நோடே செத்துவிட்டதா என்று தெரியாது.

நோடுக்கு நோடு தாவிப் போகும் அமைப்பு என்றால், கேட்வேக்கு (எல்லா நோடின் தரவையும் வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கருவி) பக்கத்தில் இருப்பவைதான் மற்றவற்றின் தரவையும் சுமக்கும். அவற்றின் பேட்டரிதான் முதலில் தீரும். அந்த இடங்களுக்குப் பெரிய பேட்டரியும் வெயில் படும் சோலார் பலகையும் வேண்டும். ரப்பர் இலை உதிர்ந்து நிற்கும் ஜனவரியில் சிக்னலைச் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஜூன் மாதம், நனைந்த இலைகளுக்கு நடுவே இன்னொருமுறை பாருங்கள்.

அப்புறம், 2017 ஒக்கி புயல். பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி முடங்கிய கேட்வே மறுபடி எழும்போது எல்லா நோடும் ஒரே நேரத்தில் பழைய பாக்கியை அனுப்பத் தொடங்கினால் பாக்கெட்டுகள் மோதிக்கொண்டு எதுவும் உருப்படியாக வந்து சேராது. ஒவ்வொரு நோடும் வெவ்வேறு நேரம் காத்திருந்து, புதிய அளவை முதலிலும் பழையதைப் பிறகும் அனுப்பட்டும். அளந்த நேரத்தையும் நோடிலேயே பதிந்துவிட வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்தால் புயல் இரவின் மழை வேறொரு நாள் கணக்கில் போய்விடும். சாதாரண கிரிஸ்டல் கடிகாரம் நாளுக்கு ஒன்றிரண்டு நொடி விலகக்கூடியது, அதனால் கேட்வேயிலிருந்து அவ்வப்போது நேரத்தைத் திருத்திக்கொண்டே இருங்கள்.