ஜெர்மனியில் படிக்க வந்தவர்களுக்கு: நண்பர்களுடன் ஹாம்பர்க்கில் ஒரு வார இறுதி

முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று முதல் சில வாரங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்து முடித்த பிறகு, எங்காவது போய்வரலாமே என்ற பேச்சு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழத் தொடங்கும். பாரிஸ், பிராக், ஆம்ஸ்டர்டாம் ஆகிய பெயர்கள்தான் முதலில் வரும். ஹானோவர், பிரேமன், பிரவுன்ஷ்வைக், கீல் போன்ற வட ஜெர்மன் ஊர்களில் படிப்பவர்களுக்கு, முதல் பயணத்துக்கு அவற்றை விட்டுவிட்டு ஹாம்பர்க் போகுமாறு நான் சொல்வேன். அங்கே போய்ச் சேரவும் ஊருக்குள் சுற்றவும் ஆகும் செலவைப் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள் என்பதே காரணம்.

பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்துக்குள்ளேயே டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் மாணவர் வடிவம் அடங்கியிருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான இந்த மாதச் சீட்டின் பொது விலை 2026 ஜனவரி முதல் 63 யூரோ. மாணவர்களுக்கு அதைவிடக் குறைவு. ஆர்.இ., ஆர்.பி., எஸ்-பான் ஆகிய வட்டார ரயில்களிலும், நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில் ஆகியவற்றிலும் நாடு முழுவதும் இது செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. விரைவு ரயில்களிலும் ஃபிளிக்ஸ்பஸ் என்ற தொலைதூரப் பேருந்திலும் செல்லாது. சீட்டு உங்கள் பெயருக்கு மட்டும் உரியது என்பதால், புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ. கைபேசியில் மின்னேற்றம் தீர்ந்துபோனால் பரிசோதகரிடம் காட்ட எதுவும் இருக்காது. எனவே பவர் பேங்க் ஒன்றைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சீட்டு இல்லாத நண்பர்கள் குழுவில் இருந்தால், அவர்களுக்கு நீடர்சாக்சன் மாநிலத்தின் ஒருநாள் சீட்டான நீடர்சாக்சன் டிக்கெட் பொருந்துமா என்று கணக்குப் பாருங்கள். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் ஒரு நாள் முழுவதும் பயணம் செய்யலாம்; ஹாம்பர்க், பிரேமன் நகரங்களிலும் அது செல்லும்.

ஹானோவரிலிருந்து ஐ.சி.இ. ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு, வட்டார ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். வழியில் உயில்சென் நிலையத்தில் வண்டி மாற வேண்டியிருக்கும். அந்த நிலையமே பார்க்கத் தகுந்த ஒன்று. ஹுண்டர்ட்வாசர் என்ற ஆஸ்திரியக் கலைஞரின் வடிவமைப்பில், வண்ண ஓடு பதித்த தூண்களும் வளைந்த கோடுகளுமாகப் புதுப்பிக்கப்பட்டது. பயணத்தின் முந்தின இரவு ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நேவிகேட்டர் செயலியில் வட்டாரப் போக்குவரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி ஒருமுறை தேடிவிடுங்கள். பாதை பராமரிப்பு வார இறுதிகளில்தான் அதிகம் நடக்கும். அப்போது ரயிலுக்குப் பதிலாக மாற்றுப் பேருந்து விடுவார்கள், கூடுதலாக ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குச் செல்வதும் உண்டு. ஆகவே ஏறும் பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரின் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஹாம்பர்க்கில் கால்பந்துப் போட்டி நடக்கும் சனிக்கிழமையாக இருந்தால், ரசிகர் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. போட்டி அட்டவணையையும் பார்த்து வைப்பது நல்லது.

தங்குமிடத்தை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். ஆறு பேர் சேர்ந்து விடுதி தேடினால் எதுவும் பதிவாகாது. பணத்தை ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலியில் அன்றன்றே பதிந்துவிட்டால், திரும்பி வந்தபின் யார் யாருக்கு எவ்வளவு என்ற மனக்கசப்பு வராது. பதிவு செய்வதற்கு முன்பே, தலைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். கல்விக் கடன் வாங்கி வந்தவரும் உதவித்தொகையில் வந்தவரும் ஒரே குழுவில் இருப்பார்கள்; கையில் பணம் இல்லாதவர் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார். துறைமுகப் படித்துறையான லாண்டுங்ஸ்புரூக்கனுக்கு மேலே மேட்டின்மீது இளைஞர் விடுதி ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் இளைஞர் விடுதிச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை வேண்டும் என்றாலும், இருக்கும் இடத்துக்காகவே அது எனக்குப் பிடிக்கும்.

சனிக்கிழமை பகலில் பைகளை விடுதியில் வைத்துவிட்டு அந்தப் படித்துறைக்கு இறங்கினால், துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். அவர்களைத் தாண்டிப்போய் 62ஆம் எண் படகைப் பிடியுங்கள். அது நகரப் போக்குவரத்தின் ஒரு பகுதி என்பதால் உங்கள் மாதச் சீட்டே போதும். மேல்தளத்தில் இடம் பிடித்தால் ஒரு பக்கம் கொள்கலன் கப்பல்களும் பாரந்தூக்கிகளும், மறுபக்கம் கரையோர வீடுகளுமாக எல்ப ஆறு விரியும். நொய்மியூலனில் இறங்கினால் ஓவெல்கோனே மணற்கரை. பெட்டியில் கொண்டுவந்த புளியோதரையைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை என்பது என் எண்ணம். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள். பெரிய கப்பல்கள் போவதால் எழும் அலையும் நீரோட்டமும் ஆபத்தானவை.

திரும்பி வந்து, படித்துறையை ஒட்டியுள்ள பழைய எல்ப சுரங்கத்துக்குள் செல்லுங்கள். 1911இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் ஆற்றுக்கடியில் 400 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்டது. நடந்து போகக் கட்டணம் இல்லை. மின்தூக்கியில் இறங்கி, வெள்ளை ஓடு பதித்த குழாய்க்குள் நடந்து அக்கரையில் ஏறினால் நகரம் முழுவதும் எதிரே தெரியும். குழுப் படம் எடுக்க ஏற்ற இடம் அதுதான். பிறகு 2017இல் திறக்கப்பட்ட எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கின் 37 மீட்டர் உயரத் தளத்துக்குப் போய்விட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஷ்பைஷர்ஷ்டாட் பகுதிக்கு நடந்து வாருங்கள். காபியும் வாசனைப் பொருள்களும் கம்பளங்களும் அடுக்கி வைப்பதற்காக வாய்க்கால்களின் ஓரம் கட்டப்பட்ட அந்தச் செங்கல் கிடங்குகள் 2015 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. விளக்கேற்றிய பிறகுதான் அவற்றுக்கு அழகு. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதை வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள். காற்றும் தூறலும் சேர்ந்து வரும் ஊர் என்பதால் குடை உதவாது, தொப்பியுள்ள மழைச்சட்டை வேண்டும்.

இரவில், மதுக்கூடங்களுக்கும் பாலியல் தொழிலுக்கும் பேர்போன ரீப்பர்பான் தெருப் பக்கம் போகத்தான் போவீர்கள். வார இறுதி இரவுகளில் அங்கே கண்ணாடிப் புட்டியுடன் நடமாடத் தடை உண்டு. அங்கு வேலை செய்பவர்களைப் படம் எடுக்காதீர்கள், கூட்டத்தில் பணப்பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் புதியவர்களைத் திணறடிக்கும். ஜெர்மனியில் அன்று பல்பொருள் அங்காடிகளும் துணிக்கடைகளும் திறக்காது. தண்ணீர், ரொட்டி, பழம் ஆகியவற்றைச் சனிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் தலைமை ரயில் நிலையத்தின் உள்ளே இருக்கும் கடைகள் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். தண்ணீர், குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் (PET) புட்டிகளை வீசிவிடாதீர்கள், கடையின் இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். கொஞ்சம் ரொக்கமும் சில்லறையும் வேண்டும். ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். சிறு கடைகள் சிலவற்றில் அட்டை வாங்க மாட்டார்கள்.

கடைகள் மூடியிருக்கும் அந்த நாளில் அதிகாலையில் மட்டும் கூடுவது மீன் சந்தை. 1703 முதல் நடந்துவரும் இந்தச் சந்தை கோடையில் ஐந்து மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் தொடங்கி, ஒன்பதரைக்கு முடிந்துவிடும். மீனைவிட அங்கே கேட்க வேண்டியது வியாபாரிகளின் கூவல். வாழைப்பழத் தாரையும் பழக்கூடையையும் தூக்கிக் காட்டி, விலையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். முடியப் போகும் நேரத்தில் இன்னும் மலிவு. சைவ நண்பர்களுக்கு மீன் வாடை பிடிக்காது என்றால் அவர்களைத் தூங்க விடுங்கள். எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதத்தால் கெட்ட பயணங்கள் பல.

ஞாயிறு மாலை வண்டிகளில் கூட்டம் நெரியும். திங்கள் காலை எட்டு மணிக்கு வகுப்பு உள்ளவர்கள் பிற்பகல் மூன்று மணி வண்டிக்கே கிளம்பிவிடுவது நல்லது. கடைசி இணைப்பு வண்டியை நம்பிப் புறப்பட்டு, முதல் வண்டி தாமதமானால், சிறிய ஊர் நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருக்க நேரும்.