மெக்கட்ரானிக்ஸ் முதுகலையா? முதலில் ஒரு மோட்டாரைச் சுழற்றுங்கள்

இயந்திரவியல், மின்னணுவியல், நிரலாக்கம் மூன்றும் சேர்ந்த துறைதான் மெக்கட்ரானிக்ஸ். அந்தப் பெயரை மட்டும் வைத்து முதுகலைப் படிப்பைத் தேடினால் சிங்கப்பூரில் பட்டியல் சட்டென்று முடிந்துவிடும். என்யூஎஸ் பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ், என்டியூ பல்கலைக்கழகத்தில் கணினிக் கட்டுப்பாடும் தானியக்கமும் என்று வேறு பெயர்களில் ஒளிந்திருக்கும். பாடப்பட்டியலைப் பாருங்கள்.

இடம் கிடைத்துவிட்டதா? மெக்கானிக்கல் படித்துவிட்டு வருகிறவர்கள் வகுப்பு தொடங்குமுன் ஒரு நடை மின்னணு உதிரிபாகக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போய் வாருங்கள். தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்விடாதீர்கள், அங்கே இருப்பவை கணினிக் கடைகள். என்கோடர் (சுழற்சியை அளக்கும் உணரி) வைத்த சின்ன டிசி மோட்டார், அதற்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் மோட்டார் டிரைவர், ஆர்டுயினோ என்ற சின்ன நிரல் பலகை வாங்கி, மோட்டாரின் தண்டைச் சொன்ன கோணத்தில் நிறுத்தும் பிஐடி நிரலை நீங்களே எழுதுங்கள். இலக்குக்கும் இப்போதைய நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது பிழையை, பி, ஐ, டி என்று மூன்று விதமாகக் கணக்கிட்டு மோட்டாரைத் திருத்தும் முறைதான் பிஐடி.

முதலில் பி மட்டும்: பிழை எவ்வளவோ அதற்கேற்ற விசை. அதன் அளவைக் கூட்டக் கூட்ட மோட்டார் வேகமாகத் திரும்பும், பிறகு இலக்கைத் தாண்டி ஆடும். பிழை மாறும் வேகத்தைப் பார்க்கும் டி அந்த ஆட்டத்தை அடக்கும். உராய்வால் இலக்குக்குச் சற்று முன்பே நின்றுவிடுவதை, பிழையைத் தொடர்ந்து கூட்டிவரும் ஐ சரிசெய்யும். இப்போது தண்டைச் சில நொடி விரலால் பிடித்திருந்து, பிறகு விட்டுவிடுங்கள்: ஐ சேர்த்துவைத்த பிழையெல்லாம் ஒரேயடியாக வெளிவந்து மோட்டார் எகிறும்! அந்தக் கூட்டலுக்கு உச்சவரம்பு போட்டால் அடங்கும். பாடத்தில் இது தனித் தலைப்பாகவே வரும்.

மோட்டாருக்கு மின்சாரத்தை ஆர்டுயினோவிலிருந்து எடுக்காதீர்கள். தனி பேட்டரி கொடுத்து, பேட்டரி, ஆர்டுயினோ இரண்டின் கிரவுண்டையும் (பூஜ்ய வோல்ட் முனை) இணைத்துவிடுங்கள்.