முதல் கரீபியன் க்ரூஸ்: கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நடக்கும் தவறுகள்

கப்பலில் ஏறிவிட்டால் கவலைப்பட அதிகம் இல்லை. சாப்பாடு, படுக்கை, பிள்ளைகளுக்கு விளையாட்டு என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய கப்பலில் ஆயிரத்துக்கும் மேல் ஊழியர்கள் இருக்கிறார்கள். புளோரிடாவின் மயாமியிலிருந்தோ போர்ட் கனாவரலிலிருந்தோ முதல் தடவை கரீபியன் தீவுகளுக்குக் கிளம்பும், அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் கப்பலுக்கும் கரைக்கும் நடுவேதான்: விசாவில், விமான டிக்கெட்டில், தீவில் இறங்கித் திரும்பும் நேரத்தில். நாமோ பால்கனி அறையா, ஜன்னல் இல்லாத அறையா என்பதிலேயே மாதக்கணக்கில் மண்டையைக் குழப்பிக்கொள்கிறோம்.

விசா ஸ்டாம்பைப் பார்க்காமல் புக் செய்வது

"மூணு நாள் பஹாமாஸ் போயிட்டு வர்றதுக்கு எதுக்கு விசாவைப் பார்க்கணும்?" முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பெரிய க்ரூஸ் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற வெளிநாட்டுக் கொடியோடு ஓடுபவை. அப்படிப்பட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிக்காட்டிவிட்டு வந்து நிற்க முடியாது. வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். 1886ஆம் ஆண்டுச் சட்டம் இது, இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் எவ்வளவு சின்னப் பயணமானாலும் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே நுழைகிறீர்கள்.

எச்-1பி வேலை விசாவிலோ, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள ஸ்டாம்ப் எப்போதோ காலாவதியாகியிருக்கும். கையில் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் இருக்கிறது, வேலை ஓடுகிறது, ஊருக்குப் போகும்போது ஸ்டாம்பிங் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய ஸ்டாம்பே போதும் என்று ஒரு சலுகை உண்டு. எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு செல்லுபடியாக இருக்க வேண்டும், இடையில் புது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கக் கூடாது. யாராவது ஒரு நண்பர் இதைச் சொல்லியிருப்பார், நாமும் நம்பிவிடுவோம். அவர் சொல்லாமல் விட்ட பாதி இது: கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப் (மாணவர்), ஜே (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்களுக்கு மட்டும்தான், அதிலும் கியூபா சேராது. எச்-1பி குடும்பத்துக்கு இல்லை. மெக்சிகோவின் கோசுமெலை மட்டும் தொட்டுத் திரும்பும் கப்பலில் சிக்கல் இல்லாமல் போகலாம். அதே கப்பல் நடுவில் கிராண்ட் கேமன் தீவில் நின்றால் கதை மாறிவிடும். செக்-இன் மேசையிலேயே திருப்பி அனுப்பினால் கட்டிய பணமும் திரும்பாது. ஒவ்வொரு தீவின் விசா விதியையும் பார்த்துக்கொள்வது பயணியின் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிரச்சினை வேறு மாதிரி. கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பும் பயணம் என்றால் அமெரிக்கக் குடிமக்களான சின்னப் பிள்ளைகளைப் பிறப்புச் சான்றிதழோடு ஏற்றிக்கொள்வார்கள். அது போதும் என்று பெற்றோர் பலர் பாஸ்போர்ட் எடுக்காமல் விடுவார்கள். நடுவில் காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்து ஏதோ ஒரு தீவிலிருந்து விமானத்தில் திரும்ப வேண்டி வந்தால் அந்தச் சான்றிதழை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் அவர்களுடைய பி1/பி2 விசிட்டர் விசா பல முறை நுழைய அனுமதிப்பதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். "கப்பல்ல வெளிய போயிட்டு வந்தா இன்னும் ஆறு மாசம் கிடைக்கும்" என்று ஒரு கணக்கு நம்மிடையே உலவுகிறது. அதை நம்பி மறுபயண டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னும் இரண்டு விதிகளை புக் செய்யும் முன்பே பார்க்க வேண்டும். பயணத்தின் எந்த நாளிலாவது 24ஆவது வாரத்தைத் தொடும் கர்ப்பிணிகளைப் பெரிய நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. மருத்துவர் கடிதம் கொடுத்தாலும் இதே பதில்தான். கைக்குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும்.

அன்று காலை விமானம் பிடிப்பது

கப்பல் மாலை நாலு மணிக்குத்தானே, காலை ஆறு மணி விமானத்தில் போனால் பத்து மணிக்கு மயாமி, ஒரு ராத்திரி ஹோட்டல் செலவு மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜனவரியில் சிகாகோவில் பனி கொட்டி அந்த விமானம் ரத்தானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. அதோடு, கப்பல் கிளம்பும் நேரம் வேறு, ஏறுவதற்கான கடைசி நேரம் வேறு. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கதவை மூடிவிடுவார்கள். முந்தின நாளே போய்விடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்பேன் என்கிறவர்கள் இதைக் கேளுங்கள்.

துறைமுக வாசலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். பிள்ளைகளோ மதியம் ஏறியதும் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டுக் குதிக்கத் துடிப்பார்கள், நீச்சல் உடை பெட்டிக்குள் இருக்கும். நீச்சல் உடை, பெரியவர்களின் மாத்திரை, பாஸ்போர்ட் மூன்றும் தோள்பையில் இருக்கட்டும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் நம் ஆட்கள் தவறாமல் மாட்டுவது ரைஸ் குக்கரும் எலெக்ட்ரிக் கெட்டிலும். சூடாகும் சாதனம் எதுவும் அறைக்குள் கூடாது, கப்பலில் தீ என்றால் ஓட வேறு இடம் இல்லை. எக்ஸ்ரேயில் பிடித்து எடுத்து வைத்துக்கொண்டு, கடைசி நாள்தான் தருவார்கள். வீட்டில் கட்டிய புளியோதரையையும் பெரும்பாலும் விட மாட்டார்கள். கடையில் வாங்கி சீல் உடைக்காத பருப்புப்பொடி, ஊறுகாய் பாக்கெட் என்றால் பொதுவாகச் சிக்கல் வராது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்கத் தேவையே இல்லை, வாயைத் திறந்து கேட்டால் போதும். முதல் நாள் இரவு பெரிய டைனிங் ஹாலில் உட்காருங்கள். பரிமாற வருகிறவரின் பெயர்ப்பட்டையில் அவருடைய நாடும் இருக்கும். இந்தியா என்று இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டால் ஹெட் வெயிட்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "நாங்கள் முட்டையும் சாப்பிட மாட்டோம், தினமும் இந்திய சைவச் சாப்பாடு வேண்டும்" என்று சொல்லிவிட்டால் குறித்துக்கொண்டு போய் மறுநாளிலிருந்து பருப்பு, காய், ரொட்டி, சாதம் என்று தனியாகச் செய்து கொண்டுவந்து வைப்பார்கள். வடக்கத்திச் சமையலாகத்தான் இருக்கும், சாம்பாரை எதிர்பார்க்க வேண்டாம். இதைச் சொல்லாமல் பஃபேயில் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து பார்த்து, பிரெட்டும் பழமும் சாப்பிட்டே வாரத்தை ஓட்டுகிற குடும்பங்கள் உண்டு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது கோழிச் சாற்றில் செய்ததா என்று கேட்டுவிடுங்கள்.

ஏறிய அன்றே பாதுகாப்புப் பயிற்சி உண்டு. உங்களுக்குரிய கூடுமிடத்துக்கு எல்லோரும் போய்த் தலையைக் காட்டியாக வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற க்ரூஸ் கப்பல் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு அப்போது பயிற்சியே நடந்திருக்கவில்லை. பாட்டிக்கு முழங்கால் வலி என்று அறையில் விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் போகாதீர்கள். அவசரத்தில் அந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டியது அவர்தான்.

கைபேசிக் கடிகாரத்தை நம்புவது

ஜூலை மாதம், கோசுமெல். கடற்கரையில் பிள்ளைகள் மணலில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவின் போன் 3:20 காட்டுகிறது. நாலரைக்குள் ஏறினால் போதும், இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று இன்னொரு இளநீர் சொல்கிறார். கப்பலில் அப்போது மணி 4:20. கோசுமெல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, மயாமி மாற்றுகிறது. குளிர்காலத்தில் இரண்டும் ஒன்று, கோடையில் ஒரு மணி நேர இடைவெளி. போன் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிட்டது; கப்பலோ பல சமயம் மயாமி நேரத்திலேயே இருக்கும். துறைமுக மேடையில் பையும் பிள்ளையுமாகத் தலைதெறிக்க ஓடி வருகிறவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டி வேடிக்கை பார்ப்பது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. ஓடுகிறவருக்கு அது வேடிக்கை இல்லை. ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து இறங்கும் வாசலில் அன்றைய கடைசி நேரத்தைப் பலகையில் போட்டிருப்பார்கள். அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா விலை கூடுதல்தான். ஆனால் அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களை அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பது அவர்கள் பாடு. வெளியே டாக்சி பேசிப் போகிறவர்களுக்கு அது கிடையாது. என் யோசனை: இறங்கிய இடத்துக்கு அருகிலேயே கடற்கரை என்றால் தாராளமாகச் சொந்தமாகப் போங்கள். கோசுமெலிலிருந்து படகில் கடலைத் தாண்டி, அப்புறம் பஸ்ஸில் துலுமில் உள்ள மாயன் இடிபாடுகளைப் பார்க்கப் போகும் மாதிரியான நீண்ட பயணத்துக்குக் கப்பல்காரர்களிடமே பணத்தைக் கட்டிவிடலாம்.

எல்லாத் தீவிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கிராண்ட் கேமனில் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி, சின்னப் படகில் இறக்குவார்கள். அங்கே துறைமுக மேடை கட்டலாமா என்று 2025இல் வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்குக் கால் எடுத்து வைப்பது நடக்கச் சிரமப்படும் தாத்தாவுக்கு ஆகாது. அலை அதிகம் என்றால் அந்தத் தீவையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். அப்போது பாதையே மாறலாம், அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஒரு குறிப்பிட்ட தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் செப்டம்பரில் போகாதீர்கள்.

கிளம்பும் முன் பையனின் டிராயரைப் பாருங்கள். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா போன்ற நாடுகளில் ராணுவ உடை போலத் திட்டுத் திட்டாக நிறம் போட்ட துணியைப் பொதுமக்கள் உடுத்துவது சட்டப்படி குற்றம், குழந்தைகளும் விலக்கில்லை. சன்ஸ்கிரீன் டப்பாவையும் திருப்பிப் படியுங்கள். பவளப்பாறையைக் காக்க, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோக்ரைலீன் என்ற ரசாயனங்கள் சேர்ந்தவற்றை அமெரிக்க வர்ஜின் தீவுகள் 2020இலிருந்து தடை செய்திருக்கின்றன. நம் தோலுக்கு இதெல்லாம் எதற்கு என்று தடவாமல் ஒரு மணி நேரம் குப்புற மிதந்து மீன் பார்த்தவர்களின் முதுகை மறுநாள் பார்த்தால் தெரியும்.

டிக்கெட் விலையோடு கணக்கை முடிப்பது

ஊழியர் டிப்ஸ் தலைக்கு, ஒரு நாளைக்கு, ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை தானாக ஏறும்; பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். 18 டாலர் என்று வைத்தாலும் ஐந்து பேருக்கு ஏழு இரவுக்கு 630 டாலர். வைஃபை தனி. போனை ஏரோப்ளேன் மோடில் போட மறந்தால் கடல்வழி நெட்வொர்க்கில் சேர்ந்துகொண்டு தனியாக ஒரு பில் வரும். பிள்ளைகளின் அறை அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லுங்கள், வீடியோ கேம் அறையில் அதைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

மருத்துவச் செலவுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. கப்பல் மருத்துவமனை பில்லை அறைக் கணக்கில் ஏற்றிவிடும். உங்கள் அமெரிக்க இன்சூரன்ஸும், பெற்றோருக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸும் கடலிலும் தீவிலும் செல்லுமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஏர் ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் செலவு பல்லாயிரம் டாலர்.

நீச்சல் குளத்தைப் பற்றி ஒன்று. பல கப்பல்களில் உயிர்காப்பாளர் கிடையாது. அத்தனை பேர் சுற்றி இருக்கிறார்களே என்ற தைரியத்தில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். யார் எப்போது பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். டயப்பர் போடும் குழந்தையைப் பொதுக் குளத்தில் விடமாட்டார்கள், நீச்சல் டயப்பரானாலும் சரி. சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டே கழுவச் சொல்லுங்கள். கப்பலில் பரவும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸை சானிட்டைசர் சரியாகக் கொல்வதில்லை.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் எடுத்துப் போய்விடுவார்கள். அடுத்த முறை பார்ப்பது காலையில் துறைமுகத்தில்தான். எல்லாத் துணியையும் உள்ளே திணித்துவிட்டு, நைட்டியோடும் லுங்கியோடும் காலைச் சிற்றுண்டிக்கு நிற்க வேண்டி வந்தாலும் சிரித்துச் சமாளித்துவிடலாம். பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டால் குடியேற்ற அதிகாரியின் மேசையைத் தாண்ட முடியாது, பெட்டியோ அதற்கு அந்தப் பக்கம் இருக்கலாம். ஊர் திரும்பும் விமானத்தை மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் போடாதீர்கள்.