ரேங்க்டு மேட்சில் திட்டு: மியூட், பிங், ரிப்போர்ட் எதை எப்போது?

புதிதாக ரேங்க்டு (தரவரிசைக்காக ஆடும் ஆன்லைன் மேட்ச்) ஆட வருபவர்களில் பலர் ஆட்டம் பிடிபடாமல் விலகுவதில்லை, திட்டு தாங்காமல்தான் விலகுகிறார்கள். ஒருவரின் பேச்சு நமக்கு வராமல் அடைக்கும் மியூட் பட்டன் பெரும்பாலான ஆன்லைன் கேம்களில் இருக்கிறது. அதை அழுத்தத் தாமதிப்பதுதான் சிக்கல்.

1. மேட்ச் தேடும் முன் செட்டிங்ஸைத் திறந்து மைக்கைப் 'புஷ் டு டாக்' முறைக்கு (பட்டனை அழுத்தும்போது மட்டும் மைக் திறக்கும்) மாற்றுங்கள். எப்போதும் திறந்திருக்கும் மைக்கில் உங்கள் பெருமூச்சு, முணுமுணுப்பு எல்லாம் டீமுக்குக் கேட்கும். பல சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன. வாலரண்ட் என்ற ஷூட்டர் (சுடும்) கேமில், சாட்டில் மறைக்க வேண்டிய சொற்களுக்கு 'மியூட்டட் வேர்ட்ஸ்' பட்டியல் உண்டு. அடிக்கடி வரும் வசைச்சொற்களை அதில் சேர்த்துவிடுங்கள்.

2. முதல் வசை வந்ததுமே மியூட். இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டாம். வாலரண்ட்டில் எஸ்கேப் அழுத்தி 'மேட்ச்' பக்கம் போனால் ஒவ்வொருவருக்கும் டெக்ஸ்ட், வாய்ஸ் இரண்டுக்கும் தனித்தனி பட்டன் இருக்கும். வாய்ஸை மட்டும் அடைத்துவிட்டு டெக்ஸ்ட்டை மறப்பதே புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. அடுத்த ரவுண்டிலேயே அதே ஆள் எழுத்தில் தொடர்வார். 'உன்னை மியூட் பண்ணிட்டேன்' என்று அறிவிக்கவும் வேண்டாம். அவருக்கு வேண்டியதே உங்கள் பதில்தான். பதிலுக்குத் திட்டினால் உங்கள் கணக்கும் தண்டனைக்கு உள்ளாகும். டோட்டா 2 கேமில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நடத்தைக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என இரு மதிப்பெண்கள், உச்சம் 12,000. பேச்சு மதிப்பெண் சரிந்தால் சாட், வாய்ஸ் உரிமையே பறிபோகும்.

3. மியூட் செய்தபின் பிங்கால் (பேசாமல், களத்தில் ஓர் இடத்தைக் குறியிட்டுக் காட்டும் வசதி) பேசுங்கள். எதிரி வரும் இடம், உதவி வேண்டும், பின்வாங்கு: இந்த மூன்றும் போதும். பிங்கும் ஆயுதமாகும் என்பதை மறக்க வேண்டாம். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் நீங்கள் செத்து விழுந்த இடத்தின் மேல் கேள்விக்குறி பிங்கை அடுக்கடுக்காக வைப்பது ஓர் எழுத்துகூட இல்லாத கேலி. ஸ்கோர்போர்டில் அந்த ஆளின் பிங்கையும் சேர்த்தே அடைத்துவிடுங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் போன்ற ஷூட்டர்களில் மட்டும் டீமின் மற்ற நால்வரையும் முதலிலேயே அடைக்காதீர்கள், எதிரி எங்கே என்ற தகவல் அங்கே பெரும்பாலும் குரலில்தான் வருகிறது.

4. மேட்ச் முடிந்ததும், வெளியேறும் முன் ரிப்போர்ட். வகை சரியாக இருக்க வேண்டும். திட்டியவரை 'வேண்டுமென்றே தோற்றார்' என்று போட்டால், ஆட்டத்தைப் பார்ப்பார்களே தவிர சாட்டைப் பார்ப்பது உறுதியில்லை. மோசமாக ஆடியதற்காக யாரையும் ரிப்போர்ட் செய்யாதீர்கள், அது குற்றமே இல்லை.

5. பல கேம்களில் மியூட் அந்த மேட்சோடு முடிந்துவிடும். பிளாக் செய்தாலும் அதே ஆள் மறுபடி உங்கள் டீமில் வரக்கூடும்; பிளாக் பெரும்பாலும் செய்திகளைத்தான் தடுக்கும். ஓவர்வாட்ச்சில் இதற்கென்றே டீம்மேட்டைத் தவிர்க்கும் பட்டியல் இருக்கிறது. அதில் இடம் குறைவு, ஆகவே சுமாராக ஆடியவர்களுக்கு அதைச் செலவழிக்காமல் தொடர்ந்து வசைபாடுபவர்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.