ஹோலிரூட்டிலிருந்து ஹோலிரூட்டுக்கு

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், தலவாக்கலை ஹோலிரூட் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அதே பேரில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஓர் அரண்மனையே இருக்கிறது. டிக்கோயா டன்கெல்ட், பூண்டுலோயா டன்சினன், அக்கரப்பத்தனை பெல்மோரல், கிளன்லயன் என்று மற்றத் தோட்டங்களுக்கும் ஸ்கொட்லாந்துப் பேர்கள்தான். அங்கே டன்டீயில் படிக்கும் மகனைப் பார்க்கப் போன சாக்கில் அந்தப் பேர்களுக்குரிய ஊர்கள் சிலதைத் தேடிப் போனேன்.

நீங்களும் போவதானால் முதல் வேலை வீட்டில். தோட்டத்துக்கு நம்ம ஆட்கள் கூப்பிடும் பேர் ஒன்று, தொரைமார் எழுதிய பேர் ஒன்று. அம்மாவின் பழைய சம்பளத் துண்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அதுதான் சிக்கும்.

எடுக்க வேண்டியது பிரிட்டிஷ் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. பிரிட்டிஷ் விசாவை வைத்துக்கொண்டு பாரிஸ் பிள்ளையார் தேருக்கும் போக முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் ஒரு பேர் என்பது நமக்குப் புதுசில்லை. எனக்கு ஓர் எழுத்து கூடியிருந்தது. சத்தியக்கடதாசி முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எடின்பரோவில் இறங்கும் ஸ்டேஷன் வேவர்லி. அக்கரப்பத்தனை வேவர்லிக்காரர்கள் பலகையடியிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். மேலே கோட்டை, கீழே ஹோலிரூட் அரண்மனை, நடுவில் ஒரு மைல் பழைய தெரு. கோட்டையிலிருந்து இறங்குங்கள், முழங்கால் வாழ்த்தும். மன்னர் வந்து தங்கும் நாட்களில் அரண்மனை பூட்டு. அதை விசாரிக்காமல் போய் வாசலோடு திரும்பினேன். "தொரை பங்களா கேட்டுல நிக்கிற மாதிரியே இருக்கும்மா" என்றான் மகன். ஓகஸ்டில், 1947இலிருந்து நடக்கும் கலை விழா. அறை வாடகை எகிறும், டன்டீ போன்ற ஊரில் தங்கி ரயிலில் வாருங்கள்.

இலங்கைத் தேயிலையின் முன்னோடி, கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 1867இல் 19 ஏக்கர் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஊர் ஓகன்பிளே. அபர்டீன் ரயிலில் லோரன்ஸ்கேர்க்கில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும். அவர் கல்லறை கண்டி மஹய்யாவையில். போகுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

முப்பாட்டன் பேர் கிடைக்குமா என்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் போனேன். வாசகர் அட்டை இலவசம். சி.ஓ. 54 என்ற வரிசையில் இலங்கை ஆளுநர்களின் கடிதங்கள். இரண்டு நாள் புரட்டியதில் கூலிகள் என்று எண்ணிக்கை வந்தது, பேர் வரவில்லை. அதற்கு வீட்டுத் தகரப் பெட்டியைக் கிளறுவதே மேல்.

சாப்பாட்டில் ஹெகிஸைத் தவறவிடாதீர்கள். ஆட்டு ஈரல், இதயம், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் சேர்த்து அவித்தது. தீபாவளிக்கு அப்பா செய்யும் குடல் வறுவலுக்குத் தூரத்துச் சொந்தம், காரம்தான் இல்லை. பையில் மிளகாய்த்தூள் இருக்கட்டும்.

டன்கெல்டுக்கு இன்வர்னஸ் ரயில். டே ஆற்றங்கரையில் பழைய தேவாலயம், சுற்றிலும் பெரிய மரங்கள். அந்தப் படங்களை டிக்கோயா டன்கெல்ட்டில் கொழுந்து பறித்த சின்னம்மாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எங்கடி, ஒரு தேயிலைச் செடியக்கூடக் காணோம்?"