நிலக்கடலை: இரண்டாம் களையும் ஜிப்சமும் ஒரே கூலியில்

நிலக்கடலையில் இரண்டாம் களை எடுப்பதையும் சுண்ணாம்புச் சத்து தரும் ஜிப்சம் இட்டு மண் அணைப்பதையும் தனித்தனி வேலையாக வைத்துக்கொள்ளாமல், விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், நிலத்தில் ஈரம் இருக்கும்போது சேர்த்தே முடித்துவிடுங்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைச் செடியின் தூரையொட்டித் தூவி, களைக்கொத்தால் களையை வெட்டிக்கொண்டே அந்த மண்ணைத் தூரில் அணைத்தால் ஒரு கூலி மிச்சமாகும்.

பூவிலிருந்து இறங்கும் விழுது பொலபொலப்பான மண்ணுக்குள் நுழைந்த பிறகுதான் காயாகிறது. வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சிக்கொள்வதால், அது கிடைக்காத இடத்தில் பருப்பில்லாத பொக்குக் காய் மிகும். விழுது இறங்கிய பின் கொத்தினால் அது அறுந்துபோகும் என்பதால், பிறகு தலைகாட்டும் களைகளைக் கையால் மட்டுமே பிடுங்க வேண்டும்.

ஆந்திராவின் குப்பம், பலமநேர் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணில் மழை தள்ளிப்போய் நிலம் காய்ந்திருந்தால் இதைச் செய்ய வேண்டாம். அடுத்த மழைக்குக் காத்திருந்து, ஒரு செடியைப் பார்த்து, விழுது இன்னும் மண்ணில் இறங்கவில்லை என்றால் மட்டும் தொடங்குங்கள். கோரை மண்டிய நிலத்துக்கும் இது போதாது, கிழங்கு மண்ணில் இருக்கும்வரை அது மீண்டும் துளிர்க்கும். 20 நாள் அளவில் எடுக்கும் முதல் களையை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது.